நூலிழையும் பொன்துகளும்

இராஜபாளையத்து நூற்பாலைகளில் நூலாகும் பருத்தியின் ஓர் இழை ஏறத்தாழ 20 மைக்ரான் அகலமுடையது. மரபுச்செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் அகலமோ 2 நானோமீட்டர்; அதாவது பருத்தியிழையில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அவ்விழையை உலோகத் துகள் தொடும்போது நிகழ்வதைக் கண்டறிய அறிஞர்கள் கடந்த வழி நெடியது.

பஸ்ராவில் 965இல் பிறந்த இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதைத் தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் நிறுவினார். அவ்வொளியின் துணைகொண்டு காண்பதற்கும் எல்லையுண்டு என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். ஒளியலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியினும் நெருங்கிய இரு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. 1931இல் பெர்லினில் நோலும் ரஸ்காவும் அமைத்த எலெக்ட்ரான் நுண்ணோக்கி இத்தடையைக் கடக்க வழி திறந்தது. 1940களில் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கியவர் நீரஜ்நாத் தாஸ்குப்தா.

இலேசான அணுக்களாலான டி.என்.ஏ. இக்கருவியிலும் மங்கலாகவே தெரியும். ஆகவே கன உலோக ஆவியை அதன்மீது படியச் செய்து படமெடுத்தனர். அப்போது உலோகம் காண்பதற்கான துணை மட்டுமே. 1996இல் நிலை மாறிற்று. அமெரிக்காவில் மிர்கின் குழுவினரும் அலிவிசாட்டோஸ் குழுவினரும், கந்தகம் இணைத்த டி.என்.ஏ. இழைகளால் பொன் நானோதுகள்களைக் கோத்துக் காட்டினர். துகள்கள் நெருங்கியதும் செந்நிறக் கரைசல் நீலமேறியது. அவை ஒன்றுகூடியதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி உறுதிசெய்தது.

1986இல் தோன்றிய அணுவிசை நுண்ணோக்கி, மெல்லிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி உருவம் வரைகிறது. நீர்மத்திலேயே காண இயல்வது அதன் சிறப்பு. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் உடையது, ஆதலால் நேர்மின்னூட்டத் துகள்கள் அதனை ஈர்த்து வளைக்கவும் சுருட்டவும் வல்லவை. மருந்தை உயிரணுவுக்குள் செலுத்த உதவும் இதே பண்பு, மரபிழையின் பணிக்கு இடையூறாகவும் கூடும். அன்றியும், அப்பிரகத் தகட்டில் ஒட்டிக் காணப்படும் இழை உயிரணுவினுள் உள்ள இழையன்று. கண்டதை அளவறிந்தே சொல்லவேண்டும்.

நமக்கு இது தொலைவிலுள்ள ஆய்வன்று. யூனானியின் குஷ்தாக்களிலும் சித்த மருத்துவத்தின் பற்பங்களிலும் நானோ அளவுத் துகள்கள் உள்ளதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியுள்ளது. இதைக்கொண்டு முன்னோர் நானோ அறிவியலை அறிந்திருந்தனர் என்று பெருமை கொள்வதும், அம்மருந்துகள் யாவும் நஞ்சென்று ஒதுக்குவதும் ஆய்வாகா. துகளின் அளவும் மின்னூட்டமும் கரையும் தன்மையும் மாறுந்தோறும் விளைவும் மாறும். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே சோதித்தறிவதே, சோதனையை அறிவின் அளவுகோலாக்கிய இப்னுல் ஹைதமின் வழியாகும்.