கதவுக்கு வைத்த எண்

மடிக்கணினியின் உள்ளே இருக்கும் வைஃபையில் ஒரு நெட்வொர்க், யூஎஸ்பி டாங்கிளில் இன்னொன்று. இரண்டும் இணைந்துவிட்டதாகத் திரை காட்டும். ஆனால் விண்டோஸ் ஒவ்வொரு பாதைக்கும் ‘மெட்ரிக்’ என்று ஓர் எண் போட்டு, எது குறைவோ அதன் வழியாகவே பொதுவாக இணையத்துக்குப் போகும். மற்றது சும்மா கிடக்கும். ஒரு ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் நிற்கும் என்று வன்பொருளைக் குறை சொல்வது வழக்கம். இங்கே ரேடியோ இரண்டு இருக்கிறதே! கோளாறு முகவரியில் இருக்கிறது. வைஃபை பிறப்பதற்கு வெகுமுன்பே தொடங்கியது அது.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், ‘இம்ப்’ எனும் இணைப்புப் பெட்டிகளில் எதில், எந்தத் துளையில் கேபிள் செருகியிருக்கிறதோ, அதுவே கணினியின் முகவரி. 1972-இல் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளம், ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கட்டும் என்று இரண்டு இம்ப்களில் இணைப்புக் கேட்டபோதுதான் சிக்கல் புரிந்தது என்கிறார் வலைப்பின்னல் வல்லுநர் ஜான் டே. வலையின் கண்ணுக்கு அந்த ஒரே கணினி இரண்டு கணினி. கதவு எண்ணை வீட்டுக்கு வைக்காமல் கதவுக்கே வைத்துவிட்டார்கள். ஐபி முகவரியும் அதே வழியில் வந்தது. 1981-இல் வெளியான டிசிபி நெறிமுறையின் வரையறை, இரு முனைகளின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் வைத்தே ஒரு தொடர்பை அடையாளம் காணும். நடுவில் முகவரி மாறினால் தொடர்பு அறுந்துவிடும். வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும்போது டவுன்லோடு நிற்பது இதனால்தான்.

ஒரே கார்டு மட்டும் இருக்கும்போது, ரேடியோவின் மேல் போடும் பழி முழுப் பொய்யும் அல்ல. ஆனால் 2004-இல் ரன்வீர் சந்திராவும் பரம்வீர் பாலும் பிரதீப் பாலும் வெளியிட்ட ‘மல்டிநெட்’ ஆய்வு ஒரே கார்டை இரண்டு நெட்வொர்க்கில் நிறுத்திக் காட்டியது. தந்திரம் அழகானது: மின்சேமிப்புக்காகத் தூங்கப் போகிறேன் என்று முதல் அணுகுமுனையிடம் கார்டு சொல்லும், அது பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும். அந்த இடைவெளியில் கார்டு அடுத்த நெட்வொர்க்குக்கு ஓடிப்போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடும். வேகம் இரட்டிக்காது, பங்குதான் போடப்படும்; என்றாலும் முடியாது என்ற வாதம் அதோடு போயிற்று.

அப்படியானால் முகவரிச் சிக்கலை ஏன் முன்பே தீர்க்கவில்லை? தீர்த்தார்கள். 2000-இல் வந்த எஸ்சிடிபி என்ற நெறிமுறை ஒரே தொடர்புக்குப் பல முகவரிகளை அனுமதித்தது. பழக்கமில்லாத நெறிமுறை என்று வழியிலிருந்த ஃபயர்வால்கள் பலவும் அதைத் தடுத்துவிட்டன. அந்தப் பாடத்தைக் கற்றுத்தான் 2013-இல், ஒரே தொடர்பைப் பல பாதைகளில் ஓட்டும் மல்ட்டிபாத் டிசிபி, சாதா டிசிபி வேடத்தில் வந்தது. அதே ஆண்டு ஐஓஎஸ் 7-இல் ‘சிரி’ குரல் உதவியாளருக்காக ஆப்பிள் அதைப் பயன்படுத்தியது. இரண்டு ரேடியோ ஓடினால் பேட்டரி கரையும், டேட்டா பில் ஏறும் என்பது நியாயமான கவலை. எதை எப்போது ஓட்டுவது என்று பயனர் முடிவுசெய்ய வேண்டும் என்பதற்கான காரணம் அது, வசதியே வேண்டாம் என்பதற்கானது அல்ல. லினக்ஸ் கெர்னலில் மல்ட்டிபாத் டிசிபி சேர 2020 ஆயிற்று. இன்றும் எதிர்முனையின் சர்வருக்கு இது தெரியாவிட்டால், தொடர்பு பேசாமல் பழைய ஒற்றைப் பாதைக்கே திரும்பிவிடுகிறது.