காமயகவுண்டன்பட்டியின் காந்தி கோயில்

1948 ஜனவரி 30 அன்று, தில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மாலைப் பிரார்த்தனைக்கு நடந்து சென்ற மகாத்மாவை கோட்சேயின் 3 குண்டுகள் வீழ்த்திய துக்கம், முல்லையாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கிலே, சுதந்திரப் போருக்குத் தியாகிகள் பலரை ஈந்த காமயகவுண்டன்பட்டியில், காலக்கிரமத்தில் ஒரு கோயிலாகவே உருக்கொண்டது. தம்மைத் தெய்வமாக்குவதை அவர் விரும்பியிருக்க மாட்டார் என்பது மெய்யே. ஆயினும், அநியாயமாய் மாண்டவர்களுக்குப் பீடம் எழுப்பி வணங்கியே பழகிய கிராம ஜனங்களுக்குப் பக்தியைச் சொல்ல வேறு பாஷை ஏது?

அந்நாளில் இவ்வூர் அடங்கியிருந்த ஜில்லாவின் தலைநகரான மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேலாடை துறந்து அரையாடை பூண்ட அதே நகரில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், இறுதி நாளில் அவர் உடுத்தியிருந்த உதிரக்கறை படிந்த துணி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.