தீர்மானத்தின் விலாசம்

பல்லடத்துக்கு அந்நிய யுத்தம் புதிதல்ல. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, தென் மாநிலங்களின் பஞ்சு வராமற்போனபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடின. கோயம்புத்தூர் ஜில்லாவின் பருத்திக்கும் விலை ஏறிற்று. 1865இல் சமாதானம் வந்தது, விலை விழுந்தது. கரிசல் காட்டு விவசாயி ஒருவனை அன்று நிறுத்தி, 'அந்தச் சண்டை முடியட்டுமா?' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? யாரும் கேட்கவில்லை.

இன்று பல்லடத்துக்கு ஒரு நகராட்சி இருக்கிறது. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையாக 18 இனங்களை அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் சேர்த்தது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அதில் உண்டு. யுத்தமும் சமாதானமும் ஏழாவது அட்டவணையின் முதல் பட்டியலில், 15ஆவது இனமாக, தில்லியின் கையில். சாவைப் பதிவது ஊரின் பொறுப்பு. சாவை நிறுத்துவது அல்ல. ஆனால் அட்டவணைகள் அதிகாரத்தைப் பங்கிடுகின்றன, அபிப்பிராயத்தை அல்ல.

அதிகாரமில்லாத ஓர் ஊர் அபிப்பிராயம் சொன்ன உதாரணம் டியர்பார்ன். டெட்ராய்ட்டை ஒட்டிய இந்த ஊர் ஃபோர்டு கார் கம்பெனியின் ஊர். 1966 நவம்பரில், வியத்நாமில் போர் நிறுத்தமும் அமெரிக்கத் துருப்புகளின் வாபஸும் வேண்டுமா என்ற கேள்வி அதன் வாக்குச்சீட்டில் இடம்பெற்றது. வேண்டும் என்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர், கேள்வி தோற்றது. 1967இல் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் இதுபோன்ற கேள்வி தோற்றது. 1968இல் டியர்பார்ன் மறுபடி கேட்டது. இம்முறை பாதிக்கு மேற்பட்டவர்கள் வேண்டும் என்றார்கள்.

இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அவ்வூர் மேயர் ஆர்வில் ஹப்பர்டு வியத்நாம் போரை எதிர்த்தவர். கறுப்பர்கள் தன் ஊரில் குடியேறுவதையும் எதிர்த்தவர். தூரத்து மனிதனுக்காக இரங்குவதும் அண்டைவீட்டானை விலக்குவதும் ஒரே ஊரில் கூடி வாழ முடிந்தது. போரும் நிற்கவில்லை. அமெரிக்கத் துருப்புகள் 1973இல்தான் வெளியேறின. மிஞ்சியது ஒன்று: இரண்டு ஆண்டுகளில் ஓர் ஊரின் மனம் எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கு.

நம் பக்கம் திரும்புவோம். இலங்கைப் போர் நமக்கு அந்நிய யுத்தமா என்பதே தீராத வழக்கு. 2008 அக்டோபரில் சென்னையில் கூடிய கட்சிகள், இரண்டு வாரங்களில் போர் நிறுத்தம் வராவிட்டால் எம்.பி.க்கள் ராஜினாமா செய்வார்கள் என்றன. மாதம் முடிவதற்குள் அப்பேச்சு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 23 அன்று சட்டசபை, இறுதி வேண்டுகோள் என்று சொல்லி, மத்திய அரசு தலையிடக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. மே மாதத்தில் போர் முடிந்தது, கேட்டுக்கொண்ட விதத்தில் அல்ல.

இத்தீர்மானம் வலுவற்றது என்பதல்ல என் குறை, டியர்பார்னுடையதும் வலுவற்றதுதான். குறை அதன் விலாசத்தில் இருக்கிறது. நம் தீர்மானம் மேல்நோக்கி எழுதப்பட்ட மனு. டியர்பார்னின் கேள்வி ஊராரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. மனுப்போடும் சமூகத்தில் பொறுப்பு எப்போதும் மனுவை வாங்கிக்கொள்பவனுடையது. கேட்கப்பட்டவன் தானே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரி 31 அன்று காஸா போர் நிறுத்தத் தீர்மானம் சிக்காகோ நகரசபையில் 23க்கு 23 என்று நின்று, மேயர் பிராண்டன் ஜான்சனின் வாக்கால் நிறைவேறியது. எதிர்த்த 23 பேரும் அதன் பதிவில் இருக்கிறார்கள். இதை நான் மதிக்கிறேன்.

பல்லடத்தின் விசைத்தறிகளும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. திருப்பூரின் பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. 2025இல் அந்நாடு இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அதன் அடி எவ்வளவு தூரம் வரும் என்று இவ்வட்டாரம் கற்றுக்கொண்டது. சரக்கு வாங்குகிறவன் நடத்தும், அல்லது ஆயுதம் கொடுக்கும் ஒரு யுத்தத்தைப் பற்றி இங்கே வார்டு வார்டாகக் கேட்டால் பதில் என்னவாக இருக்கும்? 1865இன் விவசாயிக்கு இருந்த அதே சங்கடம்தான். தோற்கவும் கூடும். தோற்றாலும் கேட்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை பேர் தம் கூலிக்கு எதிராகக் கை தூக்குவார்கள் என்பதை நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.