திருப்புளியாழ்வாரும் காடுவெட்டி குருவும்

திவ்யதேசங்கள் பலவற்றில் ஸ்தலவ்ருக்ஷம் உண்டு. திருவரங்கத்தில் சந்த்ரபுஷ்கரிணிக் கரையில் புன்னை; திருப்புல்லாணியில் அரசு; திருவதரியில் இலந்தை. நைமிசாரண்யத்திலோ வனமே எம்பெருமானின் திருமேனியாக ஸேவிக்கப்படுகிறது. இவற்றிடையே திருக்குருகூர்த் திருப்புளிக்குத் தனி ஏற்றம் உண்டு. அஃது ஆழ்வாருக்கே திருமாளிகையாய் நின்றது. நம்மாழ்வார் 16 ஆண்டுகள் மௌனமாய் எழுந்தருளியிருந்ததும், மதுரகவிகள் வந்து அடிபணிந்ததும், பிற்காலத்தில் நாதமுனிகள் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 உரு அநுஸந்தித்து நாலாயிரத்தையும் பெற்றதும் அதன் அடியிலே என்பது குருபரம்பரை வழக்கு. புளியின் இலைகள் இரவில் கூம்பும் இயல்பின. இம்மரமோ கூம்பாதென்று 'உறங்காப்புளி' எனப் பெயர் பெற்றது. வனவாஸத்தில் கண்துயிலாத இளையபெருமாளே, திருவனந்தாழ்வானே, இவ்வடிவில் நிழல் செய்தான் என்பர் பெரியோர். ஆதலின் அதனை மரமென்னாது திருப்புளியாழ்வார் என்றே வழங்குவர்.

14-ஆம் நூற்றாண்டில் தென்னாட்டில் படையெடுப்புகளால் கலக்கம் விளைந்தது. ஆழ்வார் திருமேனி மலையாள தேசம் முதலிய இடங்களுக்கு எழுந்தருள நேர்ந்தது. குடிகள் நீங்கிய குருகூரைக் காடு மூடிற்று. திருவாய்மொழிப்பிள்ளை அக்காட்டை வெட்டித் திருத்தி, ஊரைக் குடியேற்றி, ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணினார். அதனால் அவருக்குக் காடுவெட்டி குரு என்னும் திருநாமமும் வழங்குகிறது. அவர் திருவடிகளை ஆச்ரயித்தவரே, 1370-இல் அவ்வூரில் அவதரித்த மணவாளமாமுனிகள்.

இங்கு ஒரு சங்கை எழும். ஒரு மரத்தை ஆழ்வாரென்று தொழும் ஸம்ப்ரதாயத்தில், மரங்களை வெட்டியது எங்ஙனே ஆசார்யனுக்கு ஏற்றமாகும்? அதற்கு ஸமாதானம் இது: மரமென்பது கொண்டு மட்டும் திருப்புளிக்கு ஏற்றம் வந்ததன்று, ஆழ்வார் ஸம்பந்தத்தாலே வந்தது. காட்டை வெட்டியதும் மரத்தின்மேல் வெறுப்பாலன்று. அந்த ஸம்பந்தத்தைப் பேணும் அடியார் கூட்டம் அங்கே மீண்டும் வாழ்வதற்காக. வெட்டியதும் காத்ததும் ஒரே கைங்கர்யத்தின் இரு முகங்கள்.

ஆனால் அவர் செயலைக் காட்டி இன்று மரம் வெட்டுவார்க்கு இடமில்லை. அன்று காடு ஊரை மூடியிருந்தது; இன்று கல்லும் சிமெண்டும் மரத்தின் அடிவரை மூடுகின்றன. ப்ரதக்ஷிணத்திற்கு வசதியென்று வேரைச் சுற்றித் தளமிட்டால், மழைநீரும் காற்றும் வேருக்கு எட்டா. மேலே சாத்தும் மாலையும் பரிவட்டமும் அக்குறையைத் தீர்க்கா. எம்பெருமானார் நியமனத்தாலே அனந்தாழ்வான் திருமலையில் ஏரி வெட்டியன்றோ நந்தவனம் அமைத்தார்? நீரை முன்னிட்டே பூவைக் கண்டார் நம் பூர்வர். ஸ்தலவ்ருக்ஷத்தின் அடியில் சிறிது மண்ணைத் திறந்து விடுவதும், தூர்ந்த நந்தவனக் கிணற்றைத் தூர்வாருவதும் அந்தக் கைங்கர்யத்தின் தொடர்ச்சியே. கால பேதத்தாலே க்ருத்யம் மாறிற்று, உத்தேச்யம் மாறவில்லை.