பிரெக்சிட் பொருளாதார முன்கணிப்புச் சர்ச்சை

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் பிரிட்டனின் பொருளாதாரம் என்னவாகும் என்று 2016 பொதுவாக்கெடுப்பை ஒட்டி வெளியான மதிப்பீடுகளும், அவற்றை நம்பலாமா என்று அரசியலிலும் நாளிதழ்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இன்றுவரை நடந்துவரும் வாதமும் இப்பெயரால் சுட்டப்படுகின்றன. வாதத்தில் ஈடுபட்டோர் மூன்று வேறுபட்ட கணக்குகளை ஒன்றாகவே பேசினர். வாக்கெடுப்புக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நிகழப்போவதைச் சொன்னவை ஒரு வகை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், விலகாத பிரிட்டனோடு ஒப்பிட விலகிய பிரிட்டன் எவ்வளவு பின்தங்கியிருக்கும் என்று கணித்தவை இன்னொரு வகை. மிக மோசமான நிலை வந்தால் வங்கிகள் தாங்குமா என்று சோதித்துப் பார்த்தவை மூன்றாம் வகை. முதல் வகை பெரும்பாலும் பொய்த்தது. அந்தப் பிழையைக் காட்டியே இரண்டாம் வகையும் தள்ளப்பட்டது. ஆனால் அவ்விரண்டும் வெவ்வேறு அடிப்படையில் நின்றவை. தனித்தனியே எடைபோடப்பட வேண்டியவை.

இச்சர்ச்சைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வது பற்றி ஹரால்ட் வில்சன் அரசு 1970 பிப்ரவரியில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, வெளிநாட்டுக் கொடுப்புநிலையில் ஏற்படக்கூடிய சுமையை ஆண்டுக்கு 10 கோடி பவுண்டிலிருந்து 110 கோடி பவுண்டு வரை என்று குறித்தது. பதினொரு மடங்கு இடைவெளியை மறைக்காமல் அச்சிட்ட அந்த நேர்மையைப் பிற்கால ஆவணங்களில் காண்பது அரிது. அடுத்த ஆண்டு எட்வர்ட் ஹீத் அரசின் வெள்ளை அறிக்கை பெரிய சந்தையால் விளையும் வளர்ச்சி உந்துதலை முன்னிறுத்தியது. அதற்கு எண் எதையும் தரவில்லை. பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் அந்த உந்துதல் எதிர்த்திசையிலும் செல்லக்கூடும் என்று வாதிட்டார். 1975 ஜூன் 5 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் சமூகத்தில் நீடிக்க வாக்களித்தனர். கிரீன்லாந்து 1982-இல் வாக்களித்து 1985-இல் விலகியது. அங்கே பேச்சு மீன்பிடி உரிமையைச் சுற்றியே நடந்தது. 2014 ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்புக்கு முன், ஒன்றாக இருந்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,400 பவுண்டு ஆதாயம் என்று பிரிட்டன் நிதியமைச்சகமும், பிரிந்தால் 1,000 பவுண்டு ஆதாயம் என்று ஸ்காட்லாந்து அரசும் ஒரே நாளில் அறிவித்தன. புதிய நாட்டை நிறுவும் செலவுக்குத் தம் ஆய்வு எண்ணை நிதியமைச்சகம் திரித்துப் பயன்படுத்தியதாகப் பேராசிரியர் பேட்ரிக் டன்லெவி கண்டித்தார். ஸ்காட்லாந்து அரசின் கணக்கோ கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு ஏறத்தாழ 110 டாலர் என்பதை நம்பியிருந்தது. 2015 ஜனவரியில் விலை 50 டாலருக்குக் கீழே போய்விட்டது.

2016 ஏப்ரல் 18 அன்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வெளியிட்ட ஏறத்தாழ 200 பக்க அறிக்கையே சர்ச்சையின் மைய ஆவணம். கனடா செய்ததைப் போன்ற வணிக ஒப்பந்தத்தோடு விலகினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி 15 ஆண்டுகளுக்குப் பின் 6.2 விழுக்காடு குறைவாக இருக்கும் என்றது அது. நார்வே பாணி உறவானால் 3.8, உலக வணிக அமைப்பின் விதிகள் மட்டுமே எஞ்சினால் 7.5. கணக்கின் முதுகெலும்பு ஈர்ப்பு மாதிரி. டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-இல் பரவலாக்கிய இம்மாதிரியின்படி, இரு நாடுகளுக்கிடையிலான வணிகம் அவற்றின் பொருளாதார அளவுக்கேற்பக் கூடும், இடையிலுள்ள தொலைவுக்கேற்பக் குறையும். கப்பல் கட்டணம் சரிந்து, தொலைபேசிச் செலவு ஏறக்குறைய இல்லாமற்போன பிறகும் தொலைவின் பிடி தளரவில்லை என்பதைப் பல பத்தாண்டுத் தரவுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பொருளியலில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு உறுதியாகவும் நிற்கும் விதிகள் மிகச் சில. ஆனால் மக்களிடம் போய்ச் சேர்ந்தது இம்மாதிரியன்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழப்பு என்ற ஒற்றை எண். நாட்டின் உற்பத்தி இழப்பைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. எந்தக் குடும்பத்தின் வருமானத்தையும் அது குறிக்கவில்லை. மேலும் 2030-இல் பிரிட்டன் எப்படியும் 2016-ஐவிடச் செல்வமாக இருக்கும் என்பதையே அறிக்கை அடிப்படையாகக் கொண்டிருந்தது. இழப்பு என்றது வளர்ச்சியின் ஒரு பகுதி தவறிப்போவதை. அறிக்கையை முழுதும் படித்தவருக்கு இது தெளிவு. மேடையில் கேட்டவருக்குத் தம் கையிலிருக்கும் பணம் போய்விடும் என்றே ஒலித்தது. பின்னால் வந்த அவநம்பிக்கைக்கு இந்த வழங்கல்முறை ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

மே 23 அன்று வந்த இரண்டாம் அறிக்கையின் கதை வேறு. விலக வாக்களித்த மாத்திரத்தில் நான்கு காலாண்டுகள் நீளும் மந்தநிலை வரும், ஈராண்டுகளில் உற்பத்தி 3.6 விழுக்காடு குறைவாக இருக்கும், ஐந்து இலட்சம் பேர் கூடுதலாக வேலையிழப்பர், பவுண்டின் மதிப்பு 12 விழுக்காடு சரியும் என்று அது கூறியது. கடும் அதிர்ச்சி எனும் மற்றொரு கணக்கில் உற்பத்தி இழப்பு 6 விழுக்காடு. இங்கே நிலைத்த வணிக விதி எதுவும் அடிப்படையாக இல்லை. முதலீட்டாளரும் நுகர்வோரும் நிச்சயமின்மையைக் கண்டு எவ்வளவு அஞ்சுவர் என்ற ஊகமே அடித்தளம். வாக்கெடுப்புக்கு எட்டு நாள் முன்னதாக, விலகினால் வரி உயர்வும் செலவுக் குறைப்புமாக 3,000 கோடி பவுண்டு அவசர நிதிநிலை அறிக்கை தேவைப்படும் என்று ஆஸ்போர்ன் எச்சரித்தார். மந்தநிலையின் வாசலில் நிற்கும் பொருளாதாரத்தில் வரியை உயர்த்துவது எந்தப் பாடநூலிலும் இல்லாத மருந்து. அவருடைய கட்சி உறுப்பினர் பலரே அதை எதிர்த்து வாக்களிப்பதாக அறிவித்தனர்.

விலகல் தரப்பில் எதிர்க்கணக்கு இருந்தது, ஆனால் அதைப் போட்டவர்கள் சிலரே. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் மின்ஃபோர்ட் உள்ளிட்ட குழு, பிரிட்டன் எல்லா இறக்குமதி வரிகளையும் தன்னிச்சையாக நீக்கினால் உற்பத்தி 4 விழுக்காடு கூடும் என்றது. அக்கணக்கில் தொலைவுக்கு இடமில்லை என்றும், விலை மலிவான இடத்திலிருந்தே எல்லாரும் எல்லாவற்றையும் வாங்குவர் என்று அது கொள்வதாகவும் லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் மறுத்தனர். இவ்வழியில் உற்பத்தித் தொழில்கள் பெருமளவு சுருங்கும் என்பதை மின்ஃபோர்டே ஒளிக்கவில்லை. எனினும் வாக்கெடுப்புக் களத்தில் எதிர்க்கணக்கைவிட, கணக்குப் போடுவோர் மீதான ஐயமே வலுவாக வேலை செய்தது. முன்பும் தவறிய நிறுவனங்களின் வல்லுநர்கள் தமக்கு எது நல்லது என்று சொல்வது மக்களுக்குச் சலித்துவிட்டது என்ற பொருள்பட விலகல் தரப்பின் மைக்கேல் கோவ் ஜூன் 3 அன்று தொலைக்காட்சியில் பேசினார். 2008 நிதி நெருக்கடியை முன்கூட்டிக் காணத் தவறியவர்கள் மீது அந்தச் சொல் தைத்தது. அதில் நியாயம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே தரப்பு, வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது என்று பேருந்தில் எழுதி நாடெங்கும் ஓட்டியது; திரும்ப வரும் தொகையைக் கழிக்காத அந்த எண் தவறாக வழிநடத்துவது என்று புள்ளிவிவர ஆணையத் தலைவர் ஆண்ட்ரூ டில்னட் பலமுறை கூறியும் அது நீக்கப்படவில்லை. மே மாத இறுதியில் வந்த இப்சோஸ் மோரி கருத்தாய்வில், பதிலளித்த பொருளியலாளருள் 88 விழுக்காட்டினர் அடுத்த ஐந்தாண்டுகளில் விலகல் உற்பத்தியைக் குறைக்கும் என்றனர். பத்து, இருபது ஆண்டுகள் என்று கேட்டபோது அது 72 ஆனது. கேட்கப்பட்ட எல்லாரும் பதிலளித்தனர் என்று சொல்ல முடியாது. ஆயினும் இவ்வளவு சாய்வான ஒருமித்த கருத்து இத்துறையில் அபூர்வம்.

ஜூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். ஒரே இரவில் பவுண்டு 1985-க்குப் பிந்தைய அடிமட்டத்துக்கு விழுந்தது, அக்கணிப்பு பலித்தது. மந்தநிலை வரவில்லை. ஆண்டின் பிற்பாதியிலும் பொருளாதாரம் வளர்ந்தது, மக்கள் சேமிப்பைக் குறைத்துக்கொண்டும் செலவு செய்தனர், வேலையின்மை கூடுவதற்கு மாறாகக் குறைந்தது. இங்கிலாந்து வங்கி ஆகஸ்டில் வட்டியை 0.25 விழுக்காடாகக் குறைத்ததும், விலகலைத் தொடங்கிவைக்கும் ஒன்றிய உடன்படிக்கையின் 50-ஆம் பிரிவு உடனே அன்றி 2017 மார்ச் 29-இல்தான் பயன்படுத்தப்பட்டதும் அதிர்ச்சியைத் தணித்தன என்பது நிதியமைச்சகத்தின் சார்பில் கூறப்படும் விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனாலும் வங்கி கைகட்டி நிற்காது என்பது மே மாதத்திலேயே ஊகிக்கத்தக்கதுதான். விலகலை விரும்பாத பொருளியலாளர் பால் க்ரூக்மன்கூட, நீண்டகால இழப்பு நம்பத்தக்கது, உடனடி மந்தநிலைக்கான வாதம் பலவீனமானது என்று வாக்கெடுப்பு முடிந்த ஒரு வாரத்தில் எழுதினார். 2017 ஜனவரியில் இங்கிலாந்து வங்கியின் தலைமைப் பொருளியலாளர் ஆண்டி ஹால்டேன், 1987 அக்டோபரில் புயல் வராது என்று தொலைக்காட்சியில் உறுதியளித்து, வந்த புயலால் பெயர்பெற்ற வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ்ஷைத் தம் துறைக்கு ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு எல்லா முன்கணிப்புகளுக்கும் சமாதிக்கல்லாக எடுத்தாளப்பட்டது. ஹால்டேன் பேசியதோ, துறை தன் மாதிரிகளைத் திருத்திக்கொள்ள வேண்டியதைப் பற்றி.

நீண்டகாலக் கணக்குக்கு எதிரான சிறந்த மறுப்பு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரஹாம் கட்ஜினும் உடன் ஆய்வாளர்களும் எழுப்பியது. உறுப்பு நாடுகள் அனைத்தின் சராசரி வணிக ஆதாயத்தை நிதியமைச்சகம் பிரிட்டனுக்குப் பொருத்தியது. கிழக்கு ஐரோப்பாவின் சிறு நாடுகள் பெற்ற பேராதாயம் அச்சராசரியை உயர்த்திவிட்டது என்றனர் அவர்கள். ஒரு காலத்தில் பாதிக்கு மேல் ஒன்றியத்துக்குச் சென்ற பிரிட்டன் ஏற்றுமதி 2015-இல் 44 விழுக்காடாகச் சுருங்கியிருந்ததும் அவர்களுக்குத் துணை நின்றது. இந்த மறுப்பு இழப்பின் அளவைக் குறைக்கிறது, திசையை மாற்றவில்லை. அருகிலுள்ள மிகப் பெரிய சந்தையோடு எல்லைச் சோதனையும் ஆவணச் சுமையும் கூடினால் வணிகம் குறையும் என்பதை இம்மறுப்பும் மறுக்கவில்லை.

2018-இல் சர்ச்சை மறுபடி மூண்டது. ஜனவரியில் கசிந்த அரசின் உள் ஆய்வு, உறவின் வகைக்கேற்ப 2 முதல் 8 விழுக்காடு வரை இழப்பைக் காட்டியது. விலகல் துறை இணையமைச்சர் ஸ்டீவ் பேக்கர், அரசு ஊழியர்களின் முன்கணிப்புகள் எப்போதும் தவறு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். நிதியமைச்சக அதிகாரிகள் வேண்டுமென்றே கணக்கை வளைப்பதாகக் கூறப்பட்டதை ஆமோதித்ததற்காகச் சில நாள்களில் மன்னிப்புக் கேட்டார். நவம்பரில் இங்கிலாந்து வங்கி, ஒப்பந்தமின்றிக் குழப்பமாக விலகினால் உற்பத்தி 8 விழுக்காடும் வீட்டு விலை 30 விழுக்காடும் வீழலாம் என்ற சோதனைக் கணக்கை நாடாளுமன்றக் குழுவின் கேட்புக்கிணங்க வெளியிட்டது. இது முன்கணிப்பு அல்ல என்று வங்கி வலியுறுத்தியும் மறுநாள் செய்திகளில் முன்கணிப்பாகவே வந்தது.

பிரிட்டன் 2020 ஜனவரி 31-இல் விலகியது. இடைக்கால ஏற்பாடு அவ்வாண்டின் இறுதியில் முடிந்தது. கொரோனா பெருந்தொற்றும் அதே வேளையில் வந்ததால் எதன் விளைவு எது என்று பிரிப்பது கடினமாயிற்று. ஆய்வாளர் ஜான் ஸ்பிரிங்ஃபோர்ட் அமெரிக்கா, ஜெர்மனி, நார்வே முதலிய நாடுகளின் தரவுகளைக் கலந்து விலகாத பிரிட்டன் ஒன்றைக் கணக்கில் உருவாக்கி, 2022-இன் இடைப்பகுதியில் இழப்பு 5.5 விழுக்காடு என்றார். எந்த நாடுகளைக் கலப்பது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது என்று பொருளியலாளர் ஜூலியன் ஜெசப் போன்றோர் மறுத்தனர். 2023 செப்டம்பரில் புள்ளிவிவர அலுவலகம் பழைய உற்பத்தி எண்களை உயர்த்தித் திருத்தியது விமர்சகர்களுக்கு வலுச்சேர்த்தது. பிற நாடுகளின் எண்களும் பின்னர் திருத்தப்பட்டன. தேசியப் பொருளியல் சமூக ஆய்வு நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் அதுவரையான இழப்பை 2 முதல் 3 விழுக்காடு என்றது. நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் 2025-இல் 6 முதல் 8 என்றனர். இவற்றுள் எது சரி என்பது தீரவில்லை. ஆதாயம் என்று காட்டும் ஆய்வுகள் மிகச் சிலவே. நாடாளுமன்ற விவாதங்களில் இன்று அதிகம் எடுத்தாளப்படுவது, நிதிநிலைப் பொறுப்பு அலுவலகம் பயன்படுத்தும் 4 விழுக்காடு என்ற உற்பத்தித்திறன் இழப்பு. அது விலகலுக்குப் பின் அளந்து கண்டதன்று. வெளியார் செய்த 13 ஆய்வுகளின் சராசரியிலிருந்து 2020-இல் எடுத்துக்கொண்ட அனுமானம். ஏற்றுமதி, இறக்குமதித் தரவுகள் அதற்கு ஒத்துவருகின்றனவா என்று அலுவலகம் அவ்வப்போது சரிபார்த்து, இதுவரை அதைத் தக்கவைத்துள்ளது.