அயல்மண்ணில் முதல் ஆண்டு

ஏரோதிடமிருந்து தப்பித் திருக்குடும்பம் எகிப்துக்குச் சென்றதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். அந்நாட்டில் அவர்களது முதல் ஆண்டு எவ்வாறு கழிந்தது, யார் இடம் கொடுத்தார் என்பதை நற்செய்தியாளர் கூறவில்லை.

நம் மக்களின் வரலாற்றிலும் அத்தகைய ஓர் ஆண்டு உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்ற 342 பேருள் குடும்பங்களும் இருந்தன; கத்தோலிக்கரும் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆண்களுக்கு முதல் ஆண்டில் மாத ஊதியம் 10 ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. 1871-இல் தாயகம் திரும்பியோர் சென்னையில் முறையிட்ட பின்னரே, 1872-இல் நேட்டால் அரசு விசாரணைக் குழு அமைத்தது. கப்பல் பதிவேட்டில் அவர்கள் பெயரும் வயதும் ஊரும் உள்ளன; முதல் ஆண்டின் துயரம் இல்லை.

அவர்களிடையே பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு சபோன் அடிகளார், தம் மொழியை அவர்கள் கற்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தாமே இலங்கை சென்று தமிழ் பயின்று திரும்பினார். விருந்தோம்பல் அங்கே செவியிலிருந்து தொடங்கியது.

7-ஆம் நூற்றாண்டில் நம் மணிமங்கலத்துக்கு வடக்கிலிருந்து சாளுக்கியப் படை வந்தது. பல்லவர் அதனை வென்றனர். இன்று ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருவோர் பகைவர் அல்லர். பிழைப்புத் தேடி வருவோர். அவர்களது முதல் ஆண்டு நம் தெருக்களில் கழிகிறது. வாடகை பெறும் நாம், அவர்கள் மொழியில் நலம் விசாரிக்க நான்கு சொற்களையேனும் கற்போமா?