கொள்ளைநோய்க் காலத்தில் நாமும் நம் ஊரும்

என் தாதா சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போய் வியாபாரம் செய்தவர். சம்பள நாளில் லயத்து வாசலில் மூட்டையைப் பிரிப்பார். அங்கிருந்த பெரியவர்கள் அவரிடம் சொன்ன கதைகளில் ஒன்று 1918ஆம் ஆண்டுக் காய்ச்சல். "சில வீட்டில் விளக்கேற்றக்கூட ஆள் மிஞ்சவில்லையாம்" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா, 1918 அக்டோபரில் மலாயாவை வாட்டியது. பல்லாயிரம் பேர் மாண்டனர். நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு விழுந்த அடி பெரிது. மறு ஆண்டே அரிசித் தட்டுப்பாடும் வந்தது. அரசாங்க ஏடுகளில் அவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை நம்மவர் யாரும் எழுதி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து நம் முறை வந்தது. 2020 மார்ச் 16, திங்கட்கிழமை இரவு, பிரதமர் முகைதீன் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். ஈப்போவில் எங்கள் துணிக்கடையில் பெருநாளுக்கு வந்திறங்கிய மூட்டைகளை அப்போது பிரிக்கக்கூட இல்லை. 18ஆம் தேதி முதல் கடை அடைப்பு. இரண்டு வாரம்தானே என்று பூட்டினோம். ஆணை நீண்டுகொண்டே போனது.

வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்கப் போகலாம். அதுவும் 10 கிலோமீட்டருக்குள். தாதா சைக்கிளிலும் அத்தா வேனிலும் போன தோட்டப்பாதை எனக்குச் சாலைத் தடுப்போடு முடிந்தது. பழைய தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டாலும், அங்கே எங்களிடம் கடன் சொல்லித் துணி எடுக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களில் பலர் நாள் சம்பளக்காரர்கள். வேலை நின்றதும் வருமானமும் நின்றது. பிள்ளைகளின் பாடம் கைப்பேசிக்கு வந்தபோது, மூன்று பிள்ளைக்கு ஒரே கைப்பேசி இருந்த வீட்டை நான் அறிவேன்.

பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஜும்ஆ இல்லை. ஏப்ரல் 24இல் தொடங்கிய நோன்பில் தராவீஹை வீட்டுக் கூடத்தில் தொழுதோம். தூக்குச் சட்டியோடு நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளை அந்த ஆண்டு காணவில்லை. ஜூனில் ஹஜ் பயணமும் அந்த ஆண்டுக்கு இல்லை என்று அறிவிப்பு வந்தது.

தொழிலில் பட்டது வேறு. மே மாதம் கடை திறந்தபோது ஆள் நடமாட்டம் இல்லை. போலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறானே என்று அத்தா குறைப்படுவார். அந்தப் படிப்புதான் அப்போது கைகொடுத்தது. கைப்பேசி நேரலையில் சேலையும் கைலியும் காட்டி, தபாலில் அனுப்பினோம். ஆறு மாத வங்கிக் கடன் ஒத்திவைப்பு மூச்சுவிட வைத்தது. உணவகம் நடத்தும் நம்மவர்கள்பாடு இன்னும் கடினம். இந்தியா 2020 மார்ச்சில் நிறுத்திய வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை, 2022 மார்ச் 27இல்தான் மீண்டும் தொடங்கியது. ஊருக்குப் போன பணியாளர் திரும்ப முடியவில்லை. இங்கிருந்தவர் தாய் தகப்பன் முகம் பார்க்கப் போக முடியவில்லை.

விளையாட்டும் முடங்கியது. மலேசிய சூப்பர் லீக் அணிக்கு 11 ஆட்டங்களாகச் சுருங்கியது. மலேசியக் கிண்ணம் பாதியில் கைவிடப்பட்டது. ஈப்போவின் பெருமையான சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண வளைகோல்பந்துப் போட்டி 2020இலும் 2021இலும் இல்லை. பூப்பந்துக்குப் பேர்போன இந்திரா மூலியா அரங்கில் நாம் ஊசி போட வரிசையில் உட்கார்ந்தோம். வியாழக்கிழமை இரவு பந்து விளையாடும் நம் சங்க இளைஞர்களோ, 2021 ஜூலையில் வெள்ளைக்கொடி கட்டிய வீடுகளுக்கு அரிசி, எண்ணெய் சுமந்தார்கள்.

ஆகஸ்டில் என் பெரியத்தா தவறினார். அதற்கு ஒரு வாரம் முன்பு அவர் வீட்டு வாசலில் சாமான் பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். "உள்ளே வந்துட்டுப் போப்பா" என்றார். "இன்னொரு நாள் வர்றேன் பெரியத்தா" என்றேன். மருத்துவமனையில் அவரைக் குளிப்பாட்டவில்லை. உடல் வைத்த பையின் மேலேயே தயம்மும் செய்தார்கள். மையவாடியில் சிலருக்கு மட்டுமே அனுமதி. ஊர் கூடி அடக்கம் செய்ய வேண்டிய மனிதரை, அவர் பிள்ளைகள் எட்ட நின்று அனுப்பிவைத்தார்கள். தமிழ்நாட்டில் இருந்த அவர் தங்கை அதைக் கைப்பேசியில் பார்த்து அழுதார்.

2022 நவம்பரில் அஸ்லான் ஷா கிண்ணம் ஈப்போவுக்குத் திரும்பியது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 3-2 என்று வென்று மலேசியா முதன்முறையாக அதைக் கைப்பற்றியது. அன்று எழுந்த ஆரவாரத்தில் நானும் இருந்தேன். பக்கத்து இருக்கையில் பெரியத்தா இருந்திருக்க வேண்டியவர்.

நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. இந்தப் பொன்விழாவில் ஒரு வேண்டுகோள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் உங்கள் குடும்பத்தில் தவறியவரின் பெயர், வயது, செய்த தொழில், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். ஒரு பதிவேடாகக் கட்டி வைப்போம். 1918இல் போனவர்களுக்காகத் துஆ கேட்கலாம், பெயர் சொல்லிக் கேட்க முடியாது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குறையை வைக்க வேண்டாம்.